வெள்ளிக்கும் திங்களுக்கும் நடுவில் ஒரு தீவு

டிரைவர் குளியலறைக்குள் போய் நாற்பது நிமிடம் ஆகிவிட்டது. தண்ணீர் கொட்டும் சத்தம் மட்டும் நிற்கவில்லை. அவர் மனைவி இரண்டு தடவை கதவருகே போய்க் காதைக் கொடுத்துக் கேட்டுவிட்டு, தட்டாமலே திரும்பி வந்தாள்.

ஏழு மாதமாக அவர் கழுத்தில் ஒரு குழாய் இருந்தது. வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ் மிஷினோடு அவரைக் கோத்துவிடும் குழாய். அதில் ஈரம் பட்டால் வம்பு என்பதால் ஈரத்துண்டால் உடம்பைத் துடைத்துக்கொள்வதோடு சரி. இப்போது இடது கையில் ரத்தக்குழாய்களை இணைக்கச் செய்த ஆபரேஷன் இரண்டாவது தடவையில் ஒருவழியாகக் கைகூடி, ஊசியைக் கையிலேயே போடலாம் என்றாகிவிட்டது. கழுத்துக் குழாயை எடுத்துவிட்டார்கள். தையல் ஆறி, இன்றைக்குத்தான் தலையோடு குளிக்கலாம் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

தலையைத் துவட்டிக்கொண்டே வெளியே வந்தவர், "கடல்ல கூட இறங்கலாமாம். டெக்னீஷியன் சொன்னாரு," என்றார். சொல்லிவிட்டு ஃபேன் சுவிட்சைப் போட்டார். அப்புறம் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

ஆனால் சொன்னது சொல்லக்கூடாத ஆளிடம். அவள் பஸ் டிப்போவில் டியூட்டி சார்ட் போடுகிறவள். அறுபத்துநாலு வண்டி, நூற்று நாற்பது டிரைவர்கள், அதே அளவு கண்டக்டர்கள். யார் எந்த வண்டியில் எத்தனை மணிக்கு ஏறுகிறார்கள், எங்கே இறங்குகிறார்கள், யாருக்கு முதுகுவலி, யார் மகளுக்குப் பரீட்சை என்பதெல்லாம் டயர் ஷெட்டுக்கு மேலே இருக்கும் அவள் அறையில், மேசை முழுக்க விரித்த ஒரு தாளில், பென்சிலில் இருக்கும். டிப்போவில் அவளுக்குப் பெயரே சார்ட்டம்மா. முடியாது என்று யாராவது ஒன்றைச் சொன்னால், எத்தனை மணிக்கு முடியாது என்று கேட்கிற சுபாவம்.

எந்தக் கடல் என்பதிலும் அவளுக்குக் குழப்பம் இல்லை. டிரைவர் பத்தொன்பது வருஷம் ஓட்டியது ஒரே ரூட். இங்கிருந்து ஐந்து மணி நேரம் தள்ளி இருக்கும் படகுத்துறை வரைக்கும். எதிரே தீவு தெரியும். தலையணையும் தொப்பியுமாக வருகிறவர்களை இறக்கிவிட்டு, வண்டியைத் திருப்பி நிறுத்தி, தோல் உரிந்து பழுத்த முகத்தோடு திரும்பி வருகிறவர்களை ஏற்றிக்கொண்டு வந்துவிடுவார். ஒரு நாள்கூட அவர் அந்தப் படகில் ஏறியதில்லை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் ரத்தக் கொதிப்பு சிறுநீரகம் இரண்டையும் காலி செய்தபோது, டிப்போ அவரை ஸ்டியரிங்கிலிருந்து இறக்கிவிட்டது. இப்போது திங்கள், புதன், வெள்ளி ஆஸ்பத்திரி. மற்ற நாட்களில் ஜன்னலோரம்.

மறுநாள் மத்தியானம் சாப்பாட்டு டப்பாவைத் தள்ளிவைத்துவிட்டு அவள் புதுத் தாள் ஒன்றை எடுத்தாள். வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்கு மிஷினில் படுத்தால் பதினொன்றுக்கு எழுந்திருக்கிறார். அடுத்தது திங்கள் காலை ஏழு மணி. நடுவில் அறுபத்தெட்டு மணி நேரம். அவ்வளவுதான் அவர்களுக்கு இருக்கிற உலகம். அதற்குள் போக வேண்டும், இருக்க வேண்டும், வர வேண்டும். வெள்ளி சாயங்காலம் துறைக்குப் போனால் கடைசிப் படகு போயிருக்கும். ஆகவே ராத்திரி லாட்ஜ். சனி காலை ஏழு மணிப் படகு. ஒன்றரை மணி நேரம் கடல். ஞாயிறு படகில் திரும்பி, பஸ் பிடித்து, திங்கள் ஏழு மணிக்கு மிஷின். தாளில் எல்லாம் கச்சிதமாக உட்கார்ந்தது. ஒரே ஒரு ஓட்டை. காற்று அடித்து ஞாயிற்றுக்கிழமை படகு வரவில்லையென்றால்?

டாக்டரும் அதையேதான் கேட்டார். "வாரத்துல வர்ற மூணு இடைவெளியில இதுதான் பெருசு. இதுலதான் தண்ணி உடம்புல ஏறும், மூச்சு வாங்கும். போகக்கூடாதுன்னு சொல்லமாட்டேன். திங்கக்கிழமை தவறக்கூடாதுன்னு சொல்றேன்."

"தவறாம இருக்க என்ன செய்யணும், டாக்டர்?"

"கரையிலயே ஒரு மிஷின் கிடைச்சா நல்லது."

அன்றே விசாரித்தாள். படகுத்துறை ஊரில் ஒரு சின்ன ஆஸ்பத்திரி. நாலே நாலு மிஷின். போன் எடுத்தவர் இடமில்லை என்றார். நாளைக்கு இருக்குமா என்றாள். நாளைக்குக் கேளுங்கள் என்றார். மறுநாள் கேட்டாள். அதற்கு மறுநாளும் கேட்டாள். ஒன்பதாவது நாள் டயாலிசிஸ் பிரிவின் தலைமை நர்ஸே லைனில் வந்துவிட்டார்.

"ஏம்மா, தினமும் பத்தேகாலுக்கு போன் பண்றீங்களாமே?"

"நீங்க தினமும் நாளைக்குக் கேளுன்னு சொல்றீங்க, சிஸ்டர். நான் கேக்குறேன்."

அந்தப் பக்கம் பேனா மூடி திறக்கும் சத்தம். பிறகு நர்ஸ், ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டெல்லாம் ஒரு மாதத்துக்குள் எடுத்ததாக இருக்க வேண்டும், டாக்டர் கடிதத்தில் எடை முதல் எல்லாம் எழுதியிருக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே போனார். "எல்லாம் கையில இருக்கு, சிஸ்டர். இப்பவே அனுப்பவா?" என்றாள் சார்ட்டம்மா. அடுத்த மாதம் இரண்டாவது திங்கள் காலை எட்டு மணிக்கு ஓர் இடம் எழுதப்பட்டது. ஒரு நோயாளி வேறு ஊருக்கு மாற்றிக்கொண்டு போகிறாராம்.

ஓட்டை அடைபட்டது. ஞாயிறு காலைப் படகு தவறினாலும் மத்தியானப் படகு போதும், அன்றே ஊர் திரும்ப வேண்டியதில்லை. திங்கள் மிஷின் அங்கேயே, அப்புறம் நிதானமாக பஸ்.

அடுத்து தீவில் விடுதி. அதை நடத்துகிற பெண்மணியே போனை எடுத்தார். மாடி கூடாது, ஐஸ்பெட்டி வேண்டும், சமையலில் உப்பு அறவே கூடாது என்று இவள் வரிசையாகச் சொன்னதைக் கேட்டுவிட்டு, "கல்யாணமாகிப் புதுசா வர்றீங்கன்னு நெனச்சேன்," என்றார் விடுதிக்காரம்மா.

"இருபத்தாறு வருஷமாச்சு. ரூம்லேருந்து தண்ணி எத்தனை அடி?"

"பக்கந்தாம்மா. நான் அளந்ததில்ல."

"அளந்து சொல்றீங்களா? நான் லைன்லயே இருக்கேன்."

விடுதிக்காரம்மா சிரித்துக்கொண்டே நடக்கத் தொடங்கினார். செருப்புச் சத்தம், பிறகு மணலில் சத்தமில்லாத நடை, பிறகு அலை. "நூத்திப் பன்னெண்டு காலடி. என் காலுக்கு. நடுவுல ஒரு மரம் இருக்கு, உக்காந்துக்கலாம்." சார்ட்டம்மா அதையும் எழுதிக்கொண்டாள்.

இவ்வளவும் முடிந்த பிறகுதான் வீட்டில் வாயைத் திறந்தாள். டிரைவர் தாளை வாங்கி ஒரு வரி விடாமல் படித்தார். கண் கொஞ்ச நேரம் அந்தப் படகு நேரத்திலேயே நின்றது. பிறகு மடித்துக் கொடுத்துவிட்டார். "பாக்கலாம்," என்றார். அது அவர் அகராதியில் மாட்டேன் என்பதற்கு இன்னொரு சொல்.

ஞாயிற்றுக்கிழமை அவருடைய அக்கா வந்து இறங்கினாள். யார் சொல்லி வந்தாள் என்று கேட்க வேண்டிய அவசியமே இல்லை. செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்துவிட்டாள்.

"உடம்பு முடியாதவனைக் கொண்டுபோய் நடுக்கடல்ல நிறுத்தப் போறியாமே?"

"நடுக்கடல் இல்ல, அண்ணி. தீவு."

"தீவுன்னா அது நடுக்கடல்லதான் இருக்கும். உனக்குப் போகணும்னு ஆசையா இருந்தா நீ போயிட்டு வா. நான் வந்து இவனைப் பாத்துக்கறேன். என் தம்பியை வெச்சு நீ சோதனை பண்ணாதே."

சார்ட்டம்மா தாளை எடுத்து விரித்து, எந்த மணிக்கு எங்கே, எது தவறினால் எது என்று சொன்னாள். அண்ணி தாளைப் பார்க்கவே இல்லை, தம்பியைப் பார்த்தாள். டிரைவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடியே, "அக்கா சொல்றதும் சரிதான்," என்றார்.

சார்ட்டம்மாவுக்கு முகம் சுண்டிப்போயிற்று. அண்ணிக்கு முன்னால் காட்டிக்கொள்ளவில்லை. தட்டை எடுத்து வைத்து, சோறு போட்டு, பேச வேண்டியதைப் பேசி, பஸ் ஏற்றி அனுப்பிவிட்டு வந்துதான் அவர் எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"அண்ணியை நீங்கதான கூப்பிட்டீங்க?"

அவர் மறுக்கவில்லை.

"எங்கிட்ட நேரா சொல்லியிருக்கலாமே."

"உங்கிட்ட சொன்னா அதுக்கும் ஒரு சார்ட் போடுவ." சிரிக்க முயன்றார், வரவில்லை. "அங்க போயி எனக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா நீ தனியா என்ன பண்ணுவ? தெரியாத ஊரு. சுத்தித் தண்ணி."

"இங்க ஆனா மட்டும் நான் கூட்டமாவா இருக்கப் போறேன்?"

அவர் குனிந்து தண்ணீர் பாட்டிலை எடுத்தார். முக்கால் லிட்டர் பாட்டில், ஒரு நாளைக்கு அவ்வளவுதான். எந்த மணிக்கு எதுவரை என்று பேனாவால் கோடு போட்டது. கோட்டைப் பார்த்துவிட்டுக் குடிக்காமலே வைத்தார்.

"பத்தொம்பது வருஷத்துல அந்தத் துறையில எனக்கு எவ்வளவு நேரம் கொடுத்திருந்த, ஞாபகம் இருக்கா?" என்றார்.

"இருபது நிமிஷம்."

"இருபது நிமிஷம். டீ குடிக்க ஆறு. டயர் பாக்க நாலு. மிச்சம் பத்து நிமிஷம் அந்தத் தீவைப் பாத்துக்கிட்டு நிப்பேன். ஒருநாள் இறங்கிப் போயிடலாமான்னு இருக்கும். சாவி கையில இருக்கும். நாப்பது பேர் உக்காந்திருப்பாங்க."

அவளுக்கு அந்தப் பழைய சார்ட் நினைவுக்கு வந்தது. அந்த இருபது நிமிடத்தை அவள் எவ்வளவு பெருமையாகப் போட்டாள். முன்பு முப்பத்தைந்தாக இருந்ததைக் குறைத்து, அதில் ஒரு டிரிப் கூடுதலாக எடுத்ததற்கு மேலதிகாரி தட்டிக்கொடுத்தார்.

"ஏன் சொல்லல?"

"சார்ட்டம்மா புருஷன்னு சலுகை கேக்கச் சொல்றியா?"

"இப்ப கேளுங்க."

அவர் வெகுநேரம் தன் இடது முழங்கையையே தடவிக்கொண்டிருந்தார். ஊசி போட்டுப் போட்டுப் புடைத்துப்போன இடம். கையை வைத்தால் உள்ளே ரத்தம் ஓடுவது வண்டி எஞ்சின் போல அதிரும். "சரி, போலாம்," என்றார் கடைசியில். "ஆனா அக்காகிட்ட நீயே சொல்லு."

போக வேண்டியதற்கு முந்தின நாள், வியாழக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு போன் வந்தது. ஆஸ்பத்திரி டெக்னீஷியன். மிஷின்களுக்குத் தண்ணீர் சுத்தம் செய்து அனுப்பும் பிளான்ட் பழுதாகிவிட்டதாம். வெள்ளிக்கிழமை ஆட்கள் எல்லோரையும் சனிக்கிழமைக்குத் தள்ளியிருக்கிறார்களாம். "வெளியூர் போறதா சொன்னீங்க. அதான் முதல்ல உங்களுக்குச் சொல்றேன். மன்னிச்சிருங்க."

டிரைவர் எழுந்து போனார். கட்டிவைத்த பையின் ஜிப்பைத் திறந்து, துண்டை எடுத்து மடித்த மடிப்பு கலையாமல் அலமாரியில் வைத்தார். பிறகு சட்டை. அவர் முகத்தில் ஏமாற்றம் இருந்தது. கூடவே, தப்பித்தோம் என்பது போல ஒன்றும் இருந்தது. அதைப் பார்த்ததும்தான் அவளுக்கு வேகம் வந்தது.

"பையில கை வைக்காதீங்க," என்றாள்.

தலைமை நர்ஸுக்கு போன் போட்டாள். பாதி சொல்லும்போதே நர்ஸ், "உங்களுக்குத் திங்கள்தானேம்மா கொடுத்தேன்? நாளைக்குக் கேட்டா நான் எங்க போவேன்?" என்றார்.

"நாளைக்கு எத்தனை மணிக்கு சிஸ்டர் இடமில்ல?"

காகிதம் புரளும் சத்தம். "காலையில இல்ல. ராத்திரி இல்ல." மறுபடி காகிதம். "ரெண்டு மணி ஷிஃப்ட்ல ஒருத்தர் காய்ச்சல்னு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கார். அந்த மிஷின் சும்மாதான் இருக்கும். ரெண்டு மணிக்கு வந்தா உண்டு. ரெண்டரைக்கு வந்தா இல்ல."

"பன்னெண்டுக்கே வந்து வாசல்ல உக்காந்திருப்போம்."

போனை வைத்துவிட்டு அலமாரியிலிருந்து துண்டை எடுத்து அவளே மறுபடி பையில் வைத்தாள். பழைய தாளைப் புரட்டி, பின்பக்கத்தில் புது நேரங்களை எழுதினாள். காலை ஏழு மணி பஸ். பன்னிரண்டு மணி துறை. இரண்டிலிருந்து ஆறு வரை மிஷின். லாட்ஜ். சனி காலை படகு. எழுதி முடித்தபோதுதான் கவனித்தாள்: வெள்ளி மிஷின் பதினொன்றுக்கு முடிவதற்குப் பதிலாக ஆறு மணிக்கு முடிகிறது. திங்கள் எட்டு மணி வரைக்கும் அறுபத்திரண்டு மணி நேரம்தான். இடைவெளி ஏழு மணி நேரம் சுருங்கியிருந்தது.

"பழுதானது நல்லதாப் போச்சுன்னு சொல்லிடாதே," என்றார் டிரைவர், பின்னாலிருந்து எட்டிப் பார்த்தபடி.

"சொல்லல. நெனச்சேன்."

பஸ்ஸில் அவர்களுக்கு ஸ்டியரிங்குக்கு நேர் பின் சீட். ஓட்டியவர் பழைய சிநேகிதர். பத்தொன்பது வருஷம் தான் ஓட்டிய பாதையை டிரைவர் முதல் தடவையாகப் பக்கவாட்டில் பார்த்தார். வளைவு வரும்போதெல்லாம் அவருடைய வலது கால் இல்லாத பிரேக்கை மிதித்தது. "அண்ணே, நானும் லைசென்ஸ் எடுத்துத்தான் ஓட்டுறேன்," என்றார் சிநேகிதர் திரும்பாமலே. துறையில் இறங்கும்போது மணி பன்னிரண்டு அடிக்க ஐந்து நிமிடம்.

தலைமை நர்ஸ் போனில் தோன்றியதைவிடச் சின்ன உருவம். சார்ட்டம்மாவை மேலும் கீழும் பார்த்து, "பத்தேகால் நீங்கதானா?" என்றார். ஊசி போட்டுவிட்டு, கடலில் இறங்குவதானால் குத்தின இடம் மூட ஒரு முழு நாள் ஆகட்டும் என்று சொன்னார். சொன்னது டிரைவரிடம், ஆனால் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டது சார்ட்டம்மா.

அதனால் சனிக்கிழமை தீவில் இறங்கிய டிரைவர், காலை எட்டரை மணி முதல் சாயங்காலம் ஆறு மணி வரை அந்த நடுவழி மரத்தடியில் உட்கார்ந்து கடலைப் பார்க்க வேண்டியதாயிற்று. சலித்த மாவு போல மணல். கரையோரம் தண்ணீர் இருப்பதே தெரியாத அளவுக்குத் தெளிவு. கொஞ்சம் தள்ளி இளம்பச்சை. அதற்கும் அப்பால், கண் போகும் வரை நீலம். ஆட்கள் பத்துப் பதினைந்து பேருக்கு மேல் இல்லை. விடுதிக்காரம்மா வரவேற்க இரண்டு இளநீர் வெட்டிக் கொண்டுவந்தார்.

"அவருக்கு ஆகாதும்மா. அதுல இருக்கிற சத்து அவர் இதயத்துக்குக் கெடுதல்," என்று சார்ட்டம்மா இரண்டையும் திருப்பிக் கொடுக்கப் பார்த்தாள்.

"எனக்குத்தானே ஆகாது? நீ குடி. நான் பாக்குறேன்," என்றார் டிரைவர். அவள் மாட்டேன் என்றாள். அவர் விடவில்லை. ஐஸ் துண்டு ஒன்றை வாயில் ஒதுக்கிக்கொண்டு, அவள் கடைசிச் சொட்டு வரை குடிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார். "எப்படி இருக்கு?" என்றார். பொய் சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை. "ரொம்ப நல்லா இருக்கு," என்றாள்.

ஆறு மணி ஆனதும் எழுந்தார். சட்டையைக் கழற்ற ஒரு கணம் தயங்கினார். மெலிந்த தோள், கழுத்தில் தழும்பு, புடைத்த கை. அங்கே யாரும் அவரைப் பார்க்கவில்லை. முழங்கால் ஆழத்தில் நின்றார். இடுப்பளவில் நின்றார். இடது கையை மட்டும் பிள்ளையைத் தூக்குவது போல உயரே பிடித்திருந்தார். பிறகு அதையும் மெல்லத் தண்ணீரில் விட்டார். விட்டு, மல்லாந்தார்.

அவள் கரையில் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றாள். இந்த ஒரு மாதமாக அவள் போட்ட எந்தத் தாளிலும் இந்த நேரத்தில் அவள் என்ன செய்ய வேண்டும் என்று எழுதியிருக்கவில்லை. கடலுக்கென்று மாற்றுத்துணிகூட எடுத்து வரவில்லை. செருப்பை மணலில் போட்டுவிட்டு, உடுத்தியிருந்ததோடு இறங்கினாள். நாலடி போவதற்குள் அலை காலை வாரிவிட்டது. உட்கார்ந்த நிலையில் உப்புத் தண்ணீரைத் துப்பிக்கொண்டிருந்தவளைப் பார்த்து டிரைவர் சிரித்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, மூச்சு வாங்குமளவுக்குச் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து இரண்டு வருஷம் இருக்கும்.

மறுநாள் விடிகிற வேளையில் மறுபடி இறங்கினார். ஏழரைக்கு அவள் கூப்பிட்டாள். "ஒம்போது மணிப் படகு."

"மூணு மணிக்கு ஒண்ணு இருக்குல்ல?"

"ஒம்போது தவறினா மூணு இருக்கு. மூணு தவறினா என்ன இருக்கு?"

"கடலைப் பாரு, தட்டு மாதிரி கெடக்கு. இன்னும் ஆறு மணி நேரம். அவ்வளவுதான் கேக்குறேன். இப்ப கேளுங்கன்னு நீதான சொன்ன?"

அவள் அவருடைய துண்டை எடுத்து நீட்டினாள். "இதை மட்டும் கேக்காதீங்க," என்றாள்.

டிரைவர் வாயை மூடிக்கொண்டு பையைக் கட்டினார். விடுதிக்காரம்மாவிடம் மட்டும் சிரித்த முகமாக விடைபெற்றார். படகில் அவளுக்கு எதிர்ப்பக்கம் உட்கார்ந்து தீவையே பார்த்துக்கொண்டு வந்தார். கரை வந்து, லாட்ஜில் பையை வைத்து, சாப்பிட்டு, தூங்கி எழுந்த பிறகும் அவர் பேசவில்லை.

நாலரை மணிக்கு லாட்ஜ் பால்கனியிலிருந்து பார்த்தால், மூணு மணிப் படகு சொன்ன நேரத்துக்கு, ஓர் ஆட்டம் அசைவு இல்லாமல், துறைக்குள் வந்து நின்றது. ஆட்கள் சிரித்துப் பேசியபடி இறங்கினார்கள்.

"பாரு. வந்துருச்சு," என்றார்.

"வந்துருச்சு," என்றாள் அவள். அவருடைய ஆறு மணி நேரத்தை அவள் மறுபடியும் குறைத்துவிட்டாள். ஆனால் நாளைக்கே இதே ஞாயிறு திரும்ப வந்தாலும் ஒன்பது மணிப் படகில்தான் அவரை ஏற்றுவாள். அதுவும் அவளுக்குத் தெரியும். இரண்டையும் சேர்த்து எப்படிச் சொல்வது என்றுதான் தெரியவில்லை.

மறுநாள் எடை பார்த்த தலைமை நர்ஸ் முகத்தைச் சுளித்தார். மூன்று கிலோ ஏறியிருந்தது. ஐஸ் தின்றது, அலை வாயில் புகுந்தது எல்லாம் சேர்ந்து கோட்டைத் தாண்டிவிட்டது. "ரெண்டரைக்குள்ள இருக்கணும்னு சொன்னேன்ல? மெதுவாத்தான் எடுக்கணும். படுங்க," என்று திட்டிக்கொண்டே ஊசியை எடுத்தார். டிரைவர் திட்டு வாங்குகிற முகமாகவே இல்லை. கழுத்திலும் நெற்றியிலும் தோல் பழுத்து உரியத் தொடங்கியிருந்தது. மிஷின் ஓட ஆரம்பித்ததும் கண்ணை மூடினார்.

தூங்கிவிட்டார் என்று நினைத்து அவள் எழுந்தபோது, "இங்க பாரு," என்றார் கண்ணைத் திறக்காமலே.

"என்னங்க?"

"அடுத்த தடவை வெள்ளிக்கிழமை மாதிரியே திங்கக்கிழமையும் இங்க ரெண்டு மணி ஷிஃப்ட் கேளு. காலை எட்டு மணி வேண்டாம். அப்ப ஞாயித்துக்கிழமை மூணு மணிப் படகு தவறினாலும் திங்கக்கிழமை காலைப் படகு ஒண்ணு இருக்கும். உன் ஓட்டையும் அடையும், எனக்கும் ஆறு மணி நேரம் கிடைக்கும்."

அவள் நின்றபடியே மனசுக்குள் கணக்குப் போட்டாள். திங்கள் காலைப் படகு தீவிலிருந்து ஒன்பது மணி. கரைக்குப் பத்தரை. இரண்டு மணிக்கு மிஷின். வெள்ளி ஆறு மணியிலிருந்து எண்ணினால் வழக்கமான அதே அறுபத்தெட்டு மணி நேரம். அவர் சொன்னதில் ஒரு பிசகும் இல்லை.

"இது எப்ப யோசிச்சீங்க?"

"நேத்து. உங்கிட்ட பேசாம இருந்தப்ப."

அவள் கைப்பையைத் திறந்து பென்சிலைத் தேடி எடுத்துக்கொண்டு, தலைமை நர்ஸின் மேசையைப் பார்த்து நடந்தாள். அவள் வருவதைக் கண்ட நர்ஸ் ஒரு பெருமூச்சு விட்டு, அடுத்த மாத ரெஜிஸ்டரை இழுத்துத் திறந்தார்.